‘பரவாயில்லை’ என்ற பதில் போதுமா?



ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னதாக வரும் தீமிதித் திருநாளை அறியாதவர் இங்கே இருக்க முடியாது. சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள் சுமார் 4 கிலோமீட்டர் தூரம் நடந்து, சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை வந்தடைவார்கள். லிட்டில் இந்தியாவில் தொடங்கி சைனாடவுனில் முடியும் நடை அது.

அந்த நடையை ஆண்டு தவறாமல் நடந்த ஒரு பெரியவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சைனாடவுனில், கிரேத்தா ஆயர் வட்டாரத்தில் வீவக வீட்டில் குடியிருப்பவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வாலிப வயதில் தொடங்கிய சிகரெட்டை அறுபது வயதுக்கு மேல்தான் விட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை முழுத் தூரமும் நடந்தவர், ஓர் ஆண்டு பாதி வழியில் டாக்சி பிடித்தார். மறு ஆண்டு கோயில் வாசலிலேயே காத்திருந்தார். இப்போது வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால், “அந்தக் கூட்டத்துல யாரு போய் நிக்கிறது?” என்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மகள் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். மகள் தமிழில் கேட்கிறார். “எப்படிப்பா இருக்கு, மூச்சு வாங்குதா?” பெரியவர் தலையை ஆட்டி, “பரவாயில்ல” என்கிறார். மகள் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். மருத்துவர் கணினியில் ‘மாற்றம் இல்லை’ என்று பதிந்துவிட்டு அதே மருந்தை எழுதிக் கொடுக்கிறார்.

பெரியவர் சொன்னது பொய்யா? இல்லை. அவருக்கு உண்மையாகவே மூச்சு வாங்கவில்லை. ஏனென்றால் மூச்சு வாங்க வைக்கும் எல்லாக் காரியங்களையும் அவர் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். நடப்பதில்லை, படி ஏறுவதில்லை, கூட்டத்துக்குப் போவதில்லை. நோய் அமைதியாக இருக்கிறது. வாழ்க்கை சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தை எப்படி அளப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஊதிக் காட்டும் எண்

பெரியவருக்கு வந்திருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சிஓபிடி என்று மருத்துவமனையில் சொல்வார்கள். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கி, நுரையீரலின் காற்றுப் பைகள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் தங்கிவிடும் நோய் இது. பழைய காற்று தங்கியிருக்கும்போது புதிய காற்றுக்கு இடம் போதாது. அதனால்தான் இந்த நோயாளிகள் வேகமாக நடந்தாலே திணறிப் போகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள்.

புகைபிடிப்பது முதல் காரணம். ஆனால் அதுவே ஒரே காரணம் அல்ல. தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2011ல் வெளிவந்தது. அவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. விறகடுப்புப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது இந்த நோய்க்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே, “எங்க அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லையே” என்று சொல்லும் பிள்ளைகளும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் விறகடுப்பு ஊதிய அம்மாக்கள், பாட்டிமார்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஊதும் சோதனை ஒன்று இருக்கிறது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று கருவி காட்டும். லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846ல் அறிமுகப்படுத்திய கருவியின் வழித்தோன்றல் இது. அவர் வைத்த பெயர் ஸ்பைரோமீட்டர்.

வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து இவ்வளவு ஊத வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் எத்தனை விழுக்காடு ஊதுகிறார் என்பதுதான் நோயாளியின் எண். நோயை உறுதிப்படுத்த இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு குறை உண்டு. இருவர் ஊதினால் இருவருக்கும் 50 விழுக்காடு வரலாம். ஒருவர் காலையில் சந்தைக்குப் போய்விட்டு, மாலையில் காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். இன்னொருவர் குளிப்பதற்கே நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருக்கும். கருவிக்கு இருவரும் ஒன்றுதான். நுரையீரல் எவ்வளவு ஊதுகிறது என்று அது சொல்கிறது. மனிதர் எப்படி வாழ்கிறார் என்று அதற்குத் தெரியாது.

சுரங்கத் தொழிலாளரிடம் கேட்ட கேள்வி

மனிதரையே கேட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது.

சார்ல்ஸ் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் 1945 முதல் 1952 வரை அங்கே தூசி நோய் ஆய்வு நிலையத்தை நடத்தினார். 1941ல் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக பெனிசிலின் ஊசி போட்ட இளம் மருத்துவர் இவர்தான். பின்னர் 1958ல் பிபிசி தொலைக்காட்சியில் மருத்துவ நிகழ்ச்சியைப் படைத்து, வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். புகைபிடிப்பதன் கேட்டை உலகுக்கு எடுத்துச் சொன்ன 1962ஆம் ஆண்டின் லண்டன் மருத்துவர் சங்க அறிக்கையிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரே படத்துக்கும் அவர்கள் படும் பாட்டுக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை. அதனால் ஃபிளெச்சர் எளிய கேள்விகளைக் கேட்டார். எப்போது மூச்சு வாங்குகிறது? ஓடினாலா, ஏறினாலா, நடந்தாலா, சட்டை போட்டாலா? அவருடைய கேள்விகளிலிருந்து பிறந்த ஐந்து படி அளவுகோல் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்த ஐந்து படிகளை சைனாடவுன் தெருவில் வைத்துப் பார்க்கலாம்.

கடுமையாக உடலை வருத்தினால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் பூஜ்யம். ஆன் சியாங் ஹில் மேட்டில் ஏறும்போதோ, பேருந்தைப் பிடிக்க வேகமாக நடக்கும்போதோ மூச்சு வாங்கினால் ஒன்று. சமதரையான சவுத் பிரிட்ஜ் சாலையில், தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால், அல்லது தன் வேகத்தில் நடந்தும் இடையில் நிற்க வேண்டியிருந்தால் இரண்டு. நூறு மீட்டர் நடந்ததும் நின்று மூச்சு வாங்கினால் மூன்று. வீட்டை விட்டு வெளியேறவே முடியவில்லை, உடை மாற்றினாலே இளைக்கிறது என்றால் நான்கு.

நமது பெரியவர் எந்தப் படியில் இருக்கிறார்? ‘பரவாயில்லை’ என்று சொல்பவர் பூஜ்யம் போலத் தெரிவார். “கடைசியாக எப்போது நூறு மீட்டர் நடந்தீர்கள்?” என்று கேட்டால் மூன்று என்று தெரியவரும்.

கேள்வித்தாள் எப்படி அறிவியலாகும்?

மூச்சு வாங்குவது மட்டும்தான் வாழ்க்கையா? தூக்கம், பயம், அலுப்பு, பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம், இவையெல்லாம் எங்கே போவது? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பெரிய கேள்வித்தாள்கள் வந்தன.

1987ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்டன் கயட் குழுவினர் 20 கேள்விகள் கொண்ட ஒன்றை உருவாக்கினார்கள். மூச்சுத்திணறல், சோர்வு, மனநிலை, நோயைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்ற உணர்வு ஆகிய நான்கையும் அது அளந்தது. அதில் ஒரு புதுமை இருந்தது. மூச்சு வாங்க வைக்கும் ஐந்து அன்றாடக் காரியங்களை நோயாளியே தேர்ந்தெடுப்பார். அவருக்கு எது முக்கியமோ அதுதான் கணக்கு.

1992ல் லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பால் ஜோன்ஸ் என்ற மருத்துவர் 50 கேள்விகள் கொண்ட செயின்ட் ஜார்ஜ் கேள்வித்தாளை வெளியிட்டார். மதிப்பெண் 0 முதல் 100 வரை. பள்ளிக்கூடத் தேர்வு மாதிரி அல்ல. இதில் மதிப்பெண் கூடினால் வாழ்க்கை மோசம் என்று பொருள். 4 புள்ளி குறைந்தால் நோயாளிக்கே தெரியும்படியான முன்னேற்றம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

50 கேள்விகளைப் பரிசோதனை அறையில் வைத்துக் கேட்க யாருக்கு நேரம்? அதே பால் ஜோன்ஸ் 2009ல் எட்டே கேள்விகள் கொண்ட சுருக்கமான ஒன்றைக் கொண்டுவந்தார். கேட் என்று அதைச் சொல்கிறார்கள். இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மேடோ படியோ ஏறும்போது மூச்சு, வீட்டு வேலைகள், வெளியே போகும் தைரியம், தூக்கம், தெம்பு ஆகிய எட்டும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. பத்தோ அதற்கு மேலோ வந்தால் நோய் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று கொள்ளலாம். 2 புள்ளி கூடினாலோ குறைந்தாலோ கவனிக்க வேண்டிய மாற்றம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம்.

“ஒருத்தர் வாயால சொல்றதை எப்படிங்க அறிவியல்னு ஏத்துக்கிறது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு தராசை எப்படிச் சோதிப்போமோ அப்படித்தான் இந்தக் கேள்வித்தாளையும் சோதிக்கிறார்கள். உடல்நிலை மாறாதவரிடம் சில நாள் கழித்து மறுபடியும் கேட்டால் ஏறத்தாழ அதே எண் வர வேண்டும். நோய் முற்றியவருக்கும் ஆரம்ப நிலையில் இருப்பவருக்கும் வேறுபாடு காட்ட வேண்டும். நோய் திடீரென்று கூடி மருத்துவமனைக்குப் போனால் எண்ணும் கூட வேண்டும். தேறினால் குறைய வேண்டும். இத்தனையிலும் தேறிய பிறகுதான் அது புழக்கத்துக்கு வருகிறது.

மருத்துவ உலகமும் இதை ஏற்றுக்கொண்டது. இந்த நோய்க்கான உலகளாவிய வழிகாட்டியான ‘கோல்ட்’ அறிக்கை, வெறும் ஊதும் எண்ணை மட்டும் பார்த்த நிலையை 2011ல் மாற்றியது. நோயாளி என்ன உணர்கிறார், அண்மையில் எத்தனை முறை நோய் திடீரென்று கூடியது என்பதையும் சேர்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும் என்று அது சொன்னது.

சிங்கப்பூரில் தெரியவந்த உண்மை

இந்த அளவுகோல்களைக் கொண்டு நம் சிங்கப்பூரிலேயே ஒரு முக்கியமான ஆய்வு நடந்திருக்கிறது. அதன் முடிவு 2007ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நோய் கூடியதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 376 நோயாளிகளை ஆய்வாளர்கள் ஓராண்டு காலம் தொடர்ந்து கவனித்தார்கள். மூச்சை மட்டும் அல்லாமல் மனத்தையும் கேட்டார்கள். செயின்ட் ஜார்ஜ் கேள்வித்தாளையும் பயன்படுத்தினார்கள்.

நூற்றுக்கு 44 பேருக்கு மேல் மனச்சோர்வு இருந்தது. அதாவது ஐவரில் இருவருக்கு மேல். அப்படி மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் புகைப்பதை விடாதவர்கள் அவர்களில்தான் அதிகம். வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஓராண்டுக்குள் இறக்கும் ஆபத்து அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

மனச்சோர்வுதான் உயிரைப் பறித்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நோய் கடுமையாக இருப்பதால்கூட மனம் சோர்ந்திருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பெரியவரைப் பார்த்து, ‘வயசாயிடுச்சு, அதான்’ என்று விட்டுவிடக் கூடாது. அவருடைய மௌனம் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அதை எந்தக் குழாயில் ஊதியும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

எந்த மொழியில் கேட்பது?

கேட்பதிலும் சிக்கல் உண்டு. செயின்ட் ஜார்ஜ் கேள்வித்தாள் லண்டனில் பிறந்தது. தோட்டத்தில் களை எடுப்பது, கோல்ஃப் விளையாடுவது பற்றியெல்லாம் அதில் வரும். வீவக வீட்டின் பத்தாவது மாடியில் இருப்பவருக்கு ஏது தோட்டம்? அவருக்கு உள்ள தோட்டமெல்லாம் வாசலில் வைத்த இரண்டு தொட்டிச் செடிதான். கோல்ஃப் மட்டையை அவர் கையால் தொட்டிருக்க மாட்டார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு. மின்தூக்கி பழுதானால் என்ன செய்வீர்கள்? உணவங்காடி நிலையத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போக முடிகிறதா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறீர்களா? பேரப்பிள்ளையைத் தூக்குகிறீர்களா?

சொற்களிலும் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்வதைத் தமிழர்கள் பல விதமாகச் சொல்வார்கள். ஒருவர் ‘மூச்சு வாங்குது’ என்பார். இன்னொருவர் ‘இளைக்குது’ என்பார். வேறொருவர் ‘நெஞ்சை அடைக்குது’ என்பார். முதல் இரண்டும் நடந்ததால் வந்ததாக இருக்கலாம். மூன்றாவது இருதயக் கோளாறாகவும் இருக்கலாம். இதையெல்லாம் ஒரே சொல்லாக மொழிபெயர்த்துவிட்டால் மருத்துவருக்கு வேறு செய்தி போய்ச் சேரும்.

மூன்றாவது சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெரியவரைக் கேட்டால் மகள் பதில் சொல்கிறார். மனைவியைக் கேட்டால் கணவர் சொல்கிறார். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மகள் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர். அப்பா குளியலறையில் எத்தனை நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. மகள் மனம் வருந்துவார் என்று அப்பாவும் சொல்ல மாட்டார். மொழிபெயர்க்கும் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். பதிலைச் சுருக்காமல், அப்பா சொன்ன சொல்லை அப்படியே சொல்லலாம். முடிந்தால் தமிழ் தெரிந்த தாதியையோ மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரையோ கேட்கலாம்.

கேள்வித்தாளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர் நடக்காததற்கு மூட்டுவலி காரணமாக இருக்கலாம். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதே, அதுபோன்ற புகைமூட்ட நாளாகவும் இருக்கலாம். அன்றைக்கு வெளியே போகாததுதான் சரி. எண் காரணத்தைச் சொல்லாது. எங்கே பேச்சைத் தொடங்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதேபோல, மதிப்பெண்ணைப் பார்த்து நோய் உண்டு, இல்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டவும் கூடாது. அதற்கு ஊதும் சோதனைதான் வேண்டும்.

கேட்பதால் என்ன பயன்?

“சரி, கேட்டாச்சு, எண்ணும் தெரிஞ்சாச்சு. கெட்டுப்போன நுரையீரல் திரும்பி வரவா போகுது?” இது அடுத்த கேள்வி.

சிதைந்த நுரையீரல் திரும்பி வராது. ஆனால் சுருங்கிப்போன வாழ்க்கையில் ஒரு பகுதி திரும்பி வரும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. சில வாரங்களுக்கு, இயன்மருத்துவர் மேற்பார்வையில் நடைப்பயிற்சி, கை கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சி, மூச்சுவிடும் முறை, மருந்துக் குழாயைச் சரியாகப் பயன்படுத்தும் விதம் எல்லாம் கற்றுத் தருவார்கள். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தசைகள் தளர்ந்துபோகும். தளர்ந்த தசைக்கு அதே நடைக்கு இன்னும் அதிகக் காற்று வேண்டும். அதனால் இன்னும் மூச்சு வாங்கும். இந்தச் சுழலைப் பயிற்சி உடைக்கிறது.

காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு, 65 சோதனைகளில் கலந்துகொண்ட 3,822 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2015ல் வெளியிட்டது. பயிற்சி பெற்றவர்களின் செயின்ட் ஜார்ஜ் மதிப்பெண், பெறாதவர்களைக் காட்டிலும் சராசரியாக ஏறக்குறைய 7 புள்ளி முன்னேறியது. 4 புள்ளியே நோயாளிக்குத் தெரியும்படியான மாற்றம் என்று முன்பு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். ஆறு நிமிட நடைச் சோதனையில் சுமார் 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பயிற்சியால் ஊதும் எண் கூடுவதில்லை. கருவியை மட்டும் நம்பியிருந்தால், ‘பயிற்சியால் பயன் இல்லை’ என்று எழுதி மூடியிருப்பார்கள். மனிதர்களைக் கேட்டதால்தான் பயன் தெரியவந்தது. வாழ்க்கையை அளப்பது வெறும் ஏட்டு வேலை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செலவைப் பற்றிய கவலையும் இருக்கும். நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தின் கீழ் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தும் வசதி 2008ல் ஆஸ்துமாவுக்கும் இந்த நோய்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. தங்கள் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ இதுபற்றி விசாரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, கேள்வியை மாற்றுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். ‘போன தீபாவளிக்குச் செஞ்சது எதையாவது இந்தத் தீபாவளிக்குச் செய்ய முடியலையா?’ என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும்.

இரண்டாவது, அவருக்கு வேண்டிய ஐந்து காரியங்களை அவரையே சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதுங்கள். கோயில், சந்தை, காப்பிக்கடை, குளியல், பேரப்பிள்ளை, எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கேளுங்கள்.

மூன்றாவது, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட் கேள்வித்தாள் இருக்கிறதா, மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவருக்கு இது தொந்தரவு இல்லை. அவர் எடுக்கும் முடிவுக்கு உதவி.

நான்காவது, புகைப்பவர் வீட்டில் இருந்தால் விடுவதற்குத் துணை செய்யுங்கள். எந்த வயதில் விட்டாலும் நோய் முற்றும் வேகம் குறையும். சுகாதார மேம்பாட்டு வாரியம் புகைப்பதை விட விரும்புவோருக்கு உதவி அளிக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத அளவுக்குத் திணறல், உதடு நீலம் பூப்பது, திடீர்க் குழப்பம், நெஞ்சுவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து கோபுரம் வரை

தொடக்கத்தில் பார்த்த பெரியவரிடம் திரும்புவோம். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மகள் கையில் ஒரு தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் முதல் வரியில் அப்பா சொல்லி எழுதியது, ‘தீமிதி அன்னைக்குக் கோயிலுக்குப் போகணும்.’

மருத்துவர் அதைப் படிக்கிறார். எவ்வளவு தூரம் என்று கேட்கிறார். பெரியவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து தாமே பதில் சொல்கிறார். மருந்துக் குழாயைப் பிடிக்கும் விதம் சரிபார்க்கப்படுகிறது. மனம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். பயிற்சிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.

சிராங்கூன் சாலையிலிருந்து 4 கிலோமீட்டர் நடை அவருக்கு இனி முடியாமல் போகலாம். எந்த மருந்தும் அந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. ஆனால் 2022ல் திறக்கப்பட்ட மேக்ஸ்வெல் ரயில் நிலையம் கோயிலிலிருந்து சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே இறங்கி, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மகள் கையைப் பிடித்தபடி கோபுரத்தைப் பார்த்து நடந்து போக முடிந்தால், அது அவர் வாழ்க்கையில் பெரிய முன்னேற்றம். ஊதும் கருவியில் அது பதிவாகாது. அவரைக் கேட்டால் பதிவாகும்.

ஆகவே இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் தொலைக்காட்சியை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ‘பரவாயில்லை’ என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.